மாசி, பங்குனியில் கடற்கரைப் பறவைகள்: கிளம்பிப் போவதற்கு முன் பார்த்துவிடுங்கள்

வேதாரண்யத்தான் | பிப்ரவரி 22, காலை 11.40

பொங்கல் விடுமுறையில் கோடியக்கரைக்கு வந்து பூநாரையைப் பார்த்துவிட்டு, "சீசன் முடிந்தது, இனி ஐப்பசியில் பார்க்கலாம்" என்று பைனாகுலரைப் பெட்டியில் வைத்துவிடுகிறவர்களுக்காகத்தான் இந்த இழை. மாசி பிறந்ததும் இங்கே ஆள் வரத்து அப்படியே நின்றுவிடுகிறது. பறவைகள் நிற்கவில்லை. என்னைக் கேட்டால் மாசி நடுவிலிருந்து பங்குனி முடிகிற வரைக்குமான இந்த ஆறு வாரத்தைத்தான் விடவே கூடாது.

காரணம் சொல்கிறேன். மார்கழியில் சேற்றில் நிற்கும் உள்ளான் (சேற்றைக் கொத்தித் தின்னும் கரைப்பறவை) எல்லாம் ஒரே சாம்பல். புதிதாகப் பார்க்க வருகிறவர் நூறு பறவையைப் பார்த்துவிட்டு ஒன்றுக்கும் பெயர் தெரியாமல் திரும்பிப் போவார். இப்போது அவை இறகு மாற்றுகின்றன. வடக்கே போய் இணை சேர வேண்டுமே, அதற்கான உடுப்பு இங்கேயே தயாராகிறது.

இன்று காலை சதுப்பு ஓரம் ஒரு வளைமூக்கு உள்ளானை (ஆங்கிலப் பெயரில் கர்லூ சாண்ட்பைப்பர்) இருபது நிமிடம் பார்த்தேன். நெஞ்சு இன்னும் வெளுப்புதான். ஆனால் வயிற்றோரம் செம்மண் தண்ணீர் தெறித்த மாதிரி ஏழெட்டுப் புள்ளிகள். அலகால் சிறகுக்கு அடியில் கோதிக்கொண்டே இருந்தது. ஒரு பழைய இறகு பாதி கழன்று தொங்கி, காற்றில் ஆடி, கடைசியில் சேற்றில் விழுந்தது. பங்குனிக் கடைசியில் இதே பறவை முகத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறமாகிவிடும். சைபீரியாவின் வடகோடியில், மரமே முளைக்காத நிலத்தில் கூடு வைக்கிற பறவை இது. அந்த நிறத்தை நாம் பார்ப்பதற்குக் கிடைப்பது இந்தச் சில வாரங்கள் மட்டும்தான்.

2024-ல் உலக செம்பட்டியலில் (எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியல்) இதை 'அழிவாய்ப்புள்ள இனம்' என்ற நிலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கூடவே சாம்பல் உப்புக்கொத்தி என்ற கரைப்பறவையும் அதே நிலைக்குப் போயிருக்கிறது. ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகினவை. படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவரவர் ஊர்க் கடற்கரையில் சித்திரை வரை என்ன பார்க்கிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள். எந்த நாளில் எது நிறம் மாறியது, எது காணாமல் போனது என்று எழுதினால் போதும்.

---

கேளம்பாக்கம் நடை | பிப்ரவரி 22, இரவு 9.15

வணக்கம் ஐயா. நான் இதற்குப் புதுசு. ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள், அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியவில்லை. 8x42 பைனாகுலர் வாங்கிவிட்டேன். கேளம்பாக்கம் உப்பங்கழி, முட்டுக்காடு, கோவளம், இவைதான் என் எல்லை.

ஒரு சந்தேகம். கடற்காகங்களில் சிலதுக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கிறது. சிலதுக்குத் தலை பாதி பழுப்பு, அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி. இரண்டும் ஒன்றா, வேறு வேறா? அப்புறம், காலை ஏழு மணிக்குப் போனால் எல்லாமே நிழலாகத்தான் தெரிகிறது. என் கண்ணாடியில் கோளாறா?

---

வேதாரண்யத்தான் | பிப்ரவரி 23, காலை 6.05

கண்ணாடியில் கோளாறு இல்லை அம்மா, நிற்கிற இடம்தான் கோளாறு. நமக்குச் சூரியன் உதிப்பது கடல் பக்கம். காலையில் கரையில் நின்று கடலைப் பார்த்தால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். காலையில் மணல் மேட்டுப் பக்கம் போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உப்பங்கழியைப் பாருங்கள். மாலை நாலரைக்கு மேல் அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயம் புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

கடற்காகம்: நீங்கள் பார்த்த இரண்டும் அநேகமாகப் பழுப்புத்தலைக் கடற்காகமாகத்தான் இருக்கும். குளிர்காலத்தில் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் பொட்டு. இப்போது தலைக்குப் பழுப்பு முக்காடு வந்துகொண்டிருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வராது. கூட்டத்தில் கருந்தலைக் கடற்காகமும் கலந்திருக்கலாம். கண்ணைப் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலைக்குக் கண் வெளிறியிருக்கும், மற்றதுக்குக் கறுப்பு. பறக்கும்போது பழுப்புத்தலையின் கறுப்புச் சிறகு நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு பளிச்சென்று தெரியும்.

அவற்றுக்கு நடுவில் ஆள் ரொம்பப் பெரிதாக, தலை முழுக்க மை பூசின மாதிரி, மஞ்சள் அலகோடு ஒன்று நின்றால் அது பல்லாஸ் கடற்காகம். அது மட்டும் தை மாதத்திலேயே முக்காடு போட்டுவிடும்.

நேரம் பற்றி: நம் கடலில் ஏற்றவற்றம் சின்னது, மூன்றடிக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கொஞ்சம் கூடுதல். இங்கே எங்கள் சதுப்பில் தண்ணீரைத் தள்ளுவதும் இழுப்பதும் பெரும்பாலும் காற்றுதான். வாடை அடங்கித் தென்றல் திரும்புகிற இந்த மாதத்தில், நேற்று முழங்கால் தண்ணீர் நின்ற இடம் இன்று வெறும் சேறாக இருக்கும். பறவை சேற்றின் பின்னாலேயே போகும்.

---

அளத்துப்பிள்ளை | பிப்ரவரி 25, இரவு 8.30

தூத்துக்குடியிலிருந்து. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக உப்பளத்தில். இங்கே இப்போதுதான் சீசன் ஆரம்பம், விடியுமுன்னே பாத்தியில் இறங்கிவிடுவோம். அதனால் நான் பறவை பார்க்கப் போவதில்லை, வேலை செய்கிற இடத்திலேயே அவை நிற்கின்றன.

எல்லோரும் கிளம்பிப் போகிறதைப் பற்றியே எழுதுகிறீர்கள். போகாததைப் பற்றி நான் எழுதுகிறேன். வரப்பில் குடுகுடுவென்று ஓடி நிற்கும், மறுபடி ஓடி நிற்கும், அந்தச் சின்ன உப்புக்கொத்தி. அதில் ஒரு கூட்டம் இப்போது வடக்கே போகும். இன்னொரு கூட்டம் இங்கேயே தங்கி முட்டையிடும். இத்தனை காலம் இரண்டையும் கெண்டிஷ் உப்புக்கொத்தி என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். இங்கேயே தங்குவது தனி இனம் என்று 2023-ல் ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்து, அனுமான் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருக்கிறது. இராமர் பாலத்தை நினைத்து வைத்த பெயர். எங்கள் வரப்பில் ஓடுகிறதுக்கு அந்தப் பெயர் என்று தெரிந்ததும் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

போன வருஷம் பங்குனியில் ஒரு கூடு. கூடு என்றால் ஒன்றுமில்லை, மண்ணில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றி நாலு சிப்பித் துண்டு. மூன்று முட்டை. மண் நிறம், மேலே மசிக் கிறுக்கல். ஒரு முழம் தள்ளி நின்றும் எனக்குத் தெரியவில்லை. தாய்தான் காட்டிக்கொடுத்தது. முன்னால் விழுந்து, சிறகு ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு ஓடிற்று. நான் அதன் பின்னால் போகாமல் அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிட்டது. மதியம் வெயில் ஏறினதும் பாத்தித் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். சூடு தணிக்கத்தான்.

அந்த வரப்பில் பத்துக் குச்சி நட்டு, பழைய சாக்குக் கயிறு கட்டினோம். வண்டி அந்தப் பக்கம் போகாது. குஞ்சு இரண்டு பிழைத்தது.

---

லென்ஸ்கண் | பிப்ரவரி 26, மாலை 5.50

அருமையான இழை. வேதாரண்யத்தான் அண்ணே, அந்த வளைமூக்கு உள்ளான் நின்ற இடத்தின் சரியான லொகேஷன் போட முடியுமா? மார்ச் இரண்டாம் வாரம் நாங்கள் நாலு பேர் மதுரையிலிருந்து வருகிறோம். பூநாரைக் கூட்டம் எழும்பிப் பறக்கிற படம் ஒன்று வேண்டும், நாலு வருஷமாக முயற்சி செய்கிறேன். கீழே சேற்றில் நின்றால் கோணம் சரியாக வருவதில்லை. டிரோன் கொண்டுவரலாமா?

---

வேதாரண்யத்தான் | பிப்ரவரி 26, இரவு 7.20

//சரியான லொகேஷன் போட முடியுமா?//

தம்பி, கோபித்துக்கொள்ளக் கூடாது. இடம் சொல்ல மாட்டேன். டிரோன் சரணாலயத்துக்குள் அறவே கூடாது, வனத்துறை விடாது. விட்டாலும் நான் வேண்டாம் என்பேன்.

எழும்பிப் பறக்கிற படம் வேண்டும் என்றால் யாரோ ஒருவர் எழுப்ப வேண்டும், இல்லையா? அங்கேதான் எனக்கு வலிக்கிறது. கொசு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். எடை இருபது சொச்சம் கிராம், ஐந்து ரூபாய் நாணயம் நாலு சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். அது இங்கிருந்து ஆர்க்டிக் வரை போக வேண்டும். வழிச்சோறு என்று எதையும் தூக்கிக்கொண்டு போக முடியாது, கொழுப்பாக உடம்பில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் மாசி, பங்குனியில் பகல், இரவு பாராமல் சேற்றைக் கொத்திக்கொண்டே இருக்கும். நீண்ட தூரம் ஒரே மூச்சில் பறக்கிற சில கரைப்பறவைகள் கிளம்புவதற்குள் உடம்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிடும். பெரிய நாட் என்ற கரைப்பறவை போன்றவற்றில், கிளம்புகிற நேரத்தில் குடலும் இரைப்பையும் சுருங்கிவிடும் என்பதைக்கூட அளந்து பார்த்திருக்கிறார்கள். பறக்கும்போது அது வீண் பாரம் அல்லவா.

இப்படிச் சேர்த்த கொழுப்பை ஒரு நாய் துரத்தினால், ஒரு படகு நெருங்கினால், நாம் நாலடி கூடுதலாக வைத்தால், அது செலவழிக்க வேண்டும். மார்கழியில் எழுப்பினால் ஈடுகட்ட நாள் இருக்கிறது. பங்குனியில் எழுப்பினால் நாள் இல்லை.

வாருங்கள். கூட வந்து உட்காருகிறேன். ஆனால் என் பேச்சைக் கேட்க வேண்டும்.

---

லென்ஸ்கண் | பிப்ரவரி 26, இரவு 10.05

நாலு ஐந்து பேர் போகிற இடத்தில் நான் ஒருவன் போகாமல் இருந்தால் என்ன மாறிவிடப் போகிறது? கரையோரம் இறால் பண்ணை வருகிறது, ஆலை வருகிறது, அதைக் கேட்க ஆள் இல்லை. கேமரா தூக்குகிறவன்தான் குற்றவாளியா? என் படங்களைப் பார்த்து எத்தனையோ பேர் பறவை பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

---

அலையாத்தி | பிப்ரவரி 27, காலை 10.30

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரன். இதுவரை இங்கே எழுதியதில்லை, படிப்பதோடு சரி.

என் தாத்தா உள்ளான் பிடித்தவர். வலை போட்டு, கண்ணி வைத்து. அந்தக் காலத்தில் உள்ளான் கறி எங்கள் பக்கம் சாதாரணம், சாலையோரம் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு விற்பார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. ஆனாலும் பிடிப்பதும் விற்பதும் ரொம்ப நாள் நிற்கவில்லை. நான் சின்னப் பையனாக அவர் பின்னால் சேற்றில் நடந்திருக்கிறேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, மறைக்கவும் விரும்பவில்லை.

அவருக்குத் தெரிந்தது எனக்குப் பைனாகுலர் வைத்தும் தெரியவில்லை. சீழ்க்கையைக் கேட்டே பவளக்காலியா, பச்சைக்காலியா (இரண்டும் உள்ளான் வகைதான்) என்று சொல்லிவிடுவார். மூன்று அசை இழுத்து அடித்தால் பச்சைக்காலி. அவரே சீழ்க்கை அடித்தால் கூட்டம் திரும்பி வந்து இறங்கும். கையில் எடுத்தால் நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். மாசிக் கடைசியில் ஒருமுறை என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருந்தது. "பயணத்துக்குக் கட்டிக்கிட்டு நிக்குது" என்றார். சொல்லிவிட்டு அதை என்ன செய்தார் என்று எழுத வேண்டியதில்லை.

கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையம் போட்டபோது, பீகாரிலிருந்து வந்த மிர்ஷிகார் பரம்பரைப் பிடிகாரர்கள்தான் வலை விரித்துக் கொடுத்தார்கள். அவர்கள் பிடித்துக் கொடுத்ததும் எடை பார்த்து, காலில் எண் மாட்டி, விட்டுவிடுவார்கள். அதே வேலை, அதே கை நேக்கு. தாத்தாவுக்கும் அப்படி ஒரு வழி கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

லென்ஸ்கண் சகோ, நீங்கள் குற்றவாளி இல்லை. ஆனால் அந்த வெண்ணெயை நான் தொட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தை வேண்டுமென்று எழுப்ப எனக்குக் கை வராது.

---

மன்னார்வாசி | மார்ச் 3, இரவு 9.40

மன்னார்த் தீவிலிருந்து வணக்கம். உங்கள் எல்லோருடைய பதிவையும் ஒரே மூச்சில் வாசித்தேன். அலையாத்தி அண்ணா எழுதினதை இரண்டு தரம்.

தனுஷ்கோடிக்கும் எங்கள் தலைமன்னாருக்கும் இடையில் முப்பது கிலோமீற்றர்தான். நடுவில் மணல் திட்டுகள். பறவைகளுக்கு அது ஒரே கரை. ஹியூக்லின் கடற்காகங்களுக்கு மன்னாரில் வைத்து ஜி.பி.எஸ். கருவி பூட்டினார்கள். 2021-ல் அவை இந்தத் திட்டுகளுக்கு மேலால் இராமேஸ்வரம் பக்கம் கடந்து, இந்தியாவின் உள்நாட்டுக்கு மேலாகவே வடக்கே போய், கடைசியில் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையில் நின்றன. கடற்பறவை கரையைப் பிடித்துக்கொண்டு போகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன கிழமை வங்காலைப் பக்கம் போனேன். நாமத்தலை வாத்து பாதிக்கு மேல் போய்விட்டது, ஊசிவால் கொஞ்சம் நிற்கிறது. கருவால் மூக்கன் என்ற நீண்ட அலகுக் கரைப்பறவையின் கழுத்தில் செம்மை ஏறத் தொடங்கிவிட்டது. நண்டுதின்னி பதினொன்று எண்ணினேன். கறுப்பு வெள்ளை, தடித்த கறுப்பு அலகு, கூட்டமாக நின்று ஒன்றையொன்று கூப்பிடும். மணலில் வளை தோண்டி, உள்ளே வெள்ளையாக ஒரே ஒரு முட்டை இடுகிற கரைப்பறவை அது ஒன்றுதான். இந்தத் திட்டுகளிலேயே குஞ்சு பொரித்ததாகப் பதிவும் இருக்கிறது. அங்கே கடற்படையின் அனுமதி இல்லாமல் போக ஏலாது. பறவைக்கு அது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் பக்கம் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக 2025-ல் அறிவித்ததாகச் செய்தி பார்த்தேன். பெரிய சந்தோசம்.

---

பழவேற்காடு | மார்ச் 5, மாலை 6.15

அளத்துப்பிள்ளைக்கு ஒரு கேள்வி, சண்டைக்கு இல்லை. உப்பளம் பறவைக்கு நல்லது என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உப்பளம் வந்ததே சதுப்பையும் சேற்றையும் வரப்புக் கட்டிப் பிரித்ததால்தானே? கோடியக்கரையில் முன்பு இருந்த கூட்டத்தில் இப்போது எவ்வளவு மிச்சம் என்று பெரியவர்களைக் கேளுங்கள். உப்பு ஏறிப்போன தண்ணீரில் புழு எங்கே இருக்கும்?

எங்கள் ஏரியில் முகத்துவாரம் மண் மூடிப் போனால் மீனும் இல்லை, பறவையும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் இதே பாடுதான்.

---

அளத்துப்பிள்ளை | மார்ச் 5, இரவு 10.20

நியாயமான கேள்வி. எல்லா உப்பளமும் ஒன்றில்லை, பாத்தியும் ஒன்றில்லை. முதலில் கடல் தண்ணீர் வந்து நிற்கிற பெரிய பாத்தியில் மீன் உண்டு, புழு உண்டு, நெடுங்கால் உள்ளானும் பூநாரையும் நிற்கும். அடுத்தடுத்துப் போகப் போக உப்பு ஏறும், மீன் இருக்காது, உப்பு இறால் இருக்கும், அதையும் தின்ன ஆள் உண்டு. கடைசியில் உப்பு எடுக்கிற பாத்தியில் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த வரப்பில் நின்று தூங்கும்.

சதுப்புக்கு உப்பளம் ஈடாகாது, அதை ஒத்துக்கொள்கிறேன். என் பயம் வேறு. எங்கள் பக்கம் கட்டுப்படியாகாமல் அளத்தை விட்டுவிடுகிறார்கள். விட்ட அளம் மறுபடி சதுப்பாவதில்லை, மனையாகிறது, பண்ணையாகிறது. அதோடு ஒப்பிட்டால் உப்பளமே மேல் என்றுதான் சொல்கிறேன்.

---

கேளம்பாக்கம் நடை | மார்ச் 9, மதியம் 1.00

நேற்று மரக்காணம் போய், அப்படியே கழுவேலியையும் பார்த்துவிட்டு வந்தோம். 2021-ல் சரணாலயம், 2024-ல் ராம்சார் பட்டியல் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) என்று பலகையில் தேடினேன். சரி, அது முக்கியமில்லை.

உப்பளத்தில் நீங்கள் சொன்னபடி கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். முதல் முறையாக நிறம் தெரிந்தது ஐயா! மணல் உப்புக்கொத்தி ஒன்றுக்கு நெஞ்சில் ஆரஞ்சுப் பட்டை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி. பக்கத்திலேயே இன்னொன்று இன்னும் சாம்பலாக. இரண்டும் ஒரே இனம் என்று ஜனவரியில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தோழிதான் சொன்னாள், இவற்றில் ஒரு பகுதி திபெத்துக்கும் லடாக்குக்கும் போகும் என்று. உப்பளத்தில் நிற்கிற ஒன்று இமயமலைக்குப் போகிறதா!

---

லென்ஸ்கண் | மார்ச் 16, இரவு 11.10

போய் வந்துவிட்டோம். வேதாரண்யத்தான் அண்ணன் விடியுமுன் நாலரை மணிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓர் உப்பள வரப்பின் சரிவில் படுக்க வைத்தார். "எழுந்திருக்கக் கூடாது, கிட்டப் போகக் கூடாது, அதுவாக வந்தால் வரட்டும்" என்றார். இரண்டரை மணி நேரம். முழங்கை உப்பில் ஊறி வெந்துவிட்டது.

வெயில் வந்ததும் கொசு உள்ளான்கள் கொத்திக்கொண்டே எங்களை நோக்கி நகர்ந்து வந்தன. கடைசியில் லென்ஸ் போக்கஸ் ஆகாத அளவுக்குக் கிட்டே. தையல் மெஷின் ஊசி மாதிரி அந்த அலகு சேற்றில் இறங்கி ஏறுகிற சத்தம்கூடக் கேட்டது போல இருந்தது. பூநாரை தூரத்தில் தலைகீழாக அலகை வைத்துச் சேறு அரித்துக்கொண்டு இருந்தது. ஒரு முறை அவையாகவே எழுந்து இடம் மாறின. அந்தப் படம் கிடைத்தது. கொஞ்சம் கலங்கல்தான், இருந்தாலும் வைத்துக்கொள்வேன்.

முன்பு பழவேற்காட்டில் ஒரு படகுக்காரரிடம் கூடப் பணம் கொடுத்து இயந்திரத்தைப் போட்டுக் கூட்டத்துக்குள் விடச் சொல்லியிருக்கிறேன். அதை இங்கே சொல்லிவிடுகிறேன். இனிச் செய்ய மாட்டேன். லொகேஷன் நானும் போடவில்லை.

---

அலையாத்தி | மார்ச் 17, காலை 7.45

சகோ, அடுத்த முறை முத்துப்பேட்டைக்கு வாருங்கள். அலையாத்திக் காட்டுப் பக்கம் கூட்டிப் போகிறேன். தாத்தாவின் சீழ்க்கை எனக்கும் கொஞ்சம் வரும். அடிக்க மாட்டேன், அவை அடிப்பதைக் கேட்கலாம்.

---

வேதாரண்யத்தான் | ஏப்ரல் 19, இரவு 8.50

தாமதத்துக்கு மன்னிக்கவும், வீட்டில் ஒரு கல்யாணம்.

கோடியக்கரைக் கணக்கு: வாத்து எல்லாம் போய்விட்டது. பழுப்புத்தலைக் கடற்காகம் மார்ச் கடைசியில் முழு முக்காட்டோடு இருந்தது, இப்போது பத்துக்குள். காட்டுக்குள் ஆறுமணிக்குருவி நேற்று மாலையும் இரண்டு முறை கூப்பிட்டது, இன்று சத்தம் இல்லை. சாம்பல் உப்புக்கொத்தி இரண்டு, வயிறு முழுக்கக் கறுப்பு.

இன்று மாலை ஐந்தே முக்காலுக்கு வளைமூக்கு உள்ளான் ஒரு நூற்றிருபது, எல்லாம் செங்கல் சிவப்பு. காலையிலிருந்து கொத்திக்கொண்டிருந்தவை திடீரென்று நிறுத்திவிட்டன. தண்ணீர் ஓரம் கூடி நின்று குளித்தன, கோதின, ஓயாமல் சத்தம் போட்டன. பிறகு ஒரு பத்துப் பதினைந்து எழும்பி, ஒரு வட்டம் அடித்து இறங்கின. மறுபடி எழும்பின. மூன்றாம் தடவை மற்றவையும் சேர்ந்துகொண்டன. வழக்கமாக எழும்பினால் தாழப் பறந்து அடுத்த சேற்றில் இறங்கும். இன்று இறங்கவில்லை. ஏறிக்கொண்டே போய், வடக்கே திரும்பி, வளைந்த கோடாக நீண்டு, பைனாகுலரில் புள்ளியாகி, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

சேற்றில் ஒன்பது மிச்சம். எல்லாம் சாம்பல், போன வருஷத்துக் குஞ்சுகள். அவை இந்த வருஷம் போகாது, ஆடி வெயிலிலும் இங்கேதான் நிற்கும். நாளைக்கும் போய்ப் பார்க்கிறேன்.